சிறுவிடை முட்டை பார்சலில் உடையாமல் போய்ச் சேர்கிறது, ஆனால் பாதிகூடப் பொரிப்பதில்லை. எங்கே கோளாறு?

பொள்ளாச்சி_சிறுவிடை:

வணக்கம். அவயத்துக்கு (அடைகாத்துக் குஞ்சு பொரிக்க) வைக்கச் சிறுவிடை என்கிற சின்ன ரக நாட்டுக்கோழி முட்டை கேட்பவர்களுக்கு ஆம்னி பஸ் பார்சலில் அனுப்புகிறேன். பெரும்பாலும் ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம். 30 முட்டை பிடிக்கும் அட்டை ட்ரேயில் அடுக்கி, மேலே இன்னொரு ட்ரேயைக் கவிழ்த்து, கயிறு கட்டி, அட்டைப் பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டுவதுதான் வழக்கம். உடைவது ஒன்றோ இரண்டோதான். ஆனால் வாங்கியவர்கள் பாதிகூடப் பொரிக்கவில்லை, சேவல் சரியில்லையா என்கிறார்கள். இதே கோழிகளின் முட்டையை இங்கே அடைக்கோழிக்கு வைத்தால் ஒன்றிரண்டு கூமுட்டை போக மீதி எல்லாம் குஞ்சாகிறது. 8 பெட்டைக்கு 1 சேவல் விட்டிருக்கிறேன்.

பேக்கிங்கில் என்ன மாற்ற வேண்டும்? பஸ் நல்லதா, கூரியரா? வாங்குபவரிடம் என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?

கொங்குக்கோழி:

உங்கள் ஊரிலேயே பொரிக்கிறது என்றால் சேவலைச் சந்தேகப்பட வேண்டாம். 8க்கு 1 சரியான கணக்குதான். ஓடு உடையாவிட்டால் முட்டை நன்றாக இருக்கிறது என்று நினைப்பதில்தான் சிக்கல். பார்சல் முட்டையில் பெரும்பாலான சேதம் ஓட்டுக்கு உள்ளே நடக்கிறது.

மொட்டை முனையில் காற்றறை இருக்கும். ஓட்டை ஒட்டிய இரண்டு தோல்களுக்கு நடுவில் உள்ள இடம் அது. விடாமல் அதிரும்போது உள்தோல் பிரிந்து, காற்று அதன் இடத்தில் நிற்காமல் நகர ஆரம்பிக்கிறது. மஞ்சள் கருவை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் வெள்ளை முறுக்கு நாரும் தளர்ந்துவிடும். ஒரு பெரிய அடியைவிட ராத்திரி முழுக்க ஓடும் சின்ன அதிர்வுதான் இதற்கு அதிகக் காரணம்.

உங்கள் ட்ரேயில் தப்பு இருக்கிறது. அந்த அட்டை ட்ரே 55 கிராம் வெள்ளை முட்டைக்கான அளவு. சிறுவிடை முட்டை 35 முதல் 40 கிராம்தான். குழிக்குள் தளர்வாக உட்கார்ந்து வழி முழுக்க ஆடிக்கொண்டே போகும். நீங்கள் கட்டும் கயிறு ட்ரேயைத்தான் பிடிக்கிறது, முட்டையைப் பிடிக்கவில்லை.

இப்படிச் செய்து பாருங்கள். ஒவ்வொரு முட்டையையும் பபுள் கவரில் இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் மட்டும் சின்ன டேப். மொட்டை முனை எது என்று கவர் மேலேயே மார்க்கரில் வட்டம் போடுங்கள். ஓட்டின் மேல் எழுதுவதென்றால் பென்சில் மட்டும். பிறகு கூர் முனை கீழே இருக்கும்படி ஒரு சின்னப் பெட்டியில் நெருக்கமாக நிறுத்துங்கள். ஒன்றையொன்று தாங்க வேண்டும், ஆனால் அமுக்கித் திணிக்கக் கூடாது. ஒரே அடுக்கு போதும், மேலே இரண்டாவது அடுக்கு வேண்டாம். மூடியைச் சாத்தி காதருகே வைத்து லேசாக ஆட்டுங்கள். சத்தம் கேட்டால் இடைவெளியைக் காகிதத்தால் நிரப்புங்கள்.

அந்தப் பெட்டி 5 பிளை (ஐந்து அடுக்கு அட்டை) வெளிப் பெட்டிக்குள் போக வேண்டும். ஆறு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. இடம் விட்டு, அந்த இடத்தில் தேங்காய் நார். பொள்ளாச்சியில் இருந்துகொண்டு தெர்மோகோல் உருண்டைக்குக் காசு கொடுக்காதீர்கள். நார் அமுங்கி மீளும், அதிர்வை அதுவே வாங்கிக்கொள்ளும். நார்க்கழிவுத் தூள் வேண்டாம், ஈரம் பிடிக்கும். தவிடும் வேண்டாம், ஈரம் பட்டால் சூடாகிப் புளிக்கும், வண்டும் வரும். உமி பரவாயில்லை, ஆனால் ஆட்ட ஆட்ட ஒரு பக்கமாக இறங்கிவிடும்.

பெட்டியின் பக்கவாட்டில் பென்சில் நுழையும் அளவுக்கு ஏழெட்டு ஓட்டை போடுங்கள். முட்டை மூச்சு விடும் பொருள். பாலித்தீன் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைத்தால் உள்ளே வேர்த்து, அந்த ஈரத்தோடு கிருமி ஓட்டுத் துளை வழியாக உள்ளே போகும்.

கடைசியாக, பெட்டிக்கு மேலே கயிற்றில் ஒரு கைப்பிடி. இது அழகுக்கு அல்ல. இரண்டரை கிலோப் பெட்டியை லோடு ஏற்றுபவர் தூக்கி வீசத்தான் செய்வார். கைப்பிடி இருந்தால் அதைப் பிடித்துத் தூக்குவார், பெட்டியும் நிமிர்ந்தே போகும். ஆங்கிலத்தில் அச்சடித்த ஸ்டிக்கரைவிடக் கொட்டை எழுத்தில் "முட்டை – கவிழ்க்காதீர்" என்று எழுதினால் வேலை நடக்கும்.

மதுரை_இன்குபேட்டர்:

பேக்கிங் பற்றி மேலே சொன்னது சரி. நான் சூட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் அதுதான் பாதி முட்டையைக் கெடுக்கிறது.

முட்டை வெளியே வரும்போதே கரு பல ஆயிரம் செல்லாக வளர்ந்திருக்கும். சுமார் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் அது தூங்கும். 27 டிகிரியைத் தாண்டினால் அரைகுறையாக வளர ஆரம்பித்து, சூடு குறைந்தால் நின்று, திரும்ப ஏறினால் திரும்ப வளர்ந்து, பலவீனமாகிச் செத்துவிடும். மத்தியானம் மூடிய டிக்கிக்குள் எவ்வளவு வெந்து போகும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே ராத்திரி பஸ் மட்டும். சாயங்காலம் 7 மணிக்கு மேல் ஏற்றி, காலை விடிவதற்குள் இறங்க வேண்டும். பின்பக்கம் இன்ஜின் உள்ள பஸ் என்றால் இன்ஜினை ஒட்டிய டிக்கியில் வைக்கவே கூடாது. முன்பக்க டிக்கி கேளுங்கள். மேல் கேரியர் வேண்டாம். கத்திரி வெயில் முடியும்வரை அனுப்பாமல் இருப்பதே உத்தமம்; ஆர்டர் இருந்தால் ஆடிக்குத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

கூரியரா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே இரவில் போகும் ஊருக்குப் பஸ்தான். கூரியரில் ஏற்றி இறக்குவது நாலைந்து தடவை, நடுவில் குடோனில் கிடப்பது வேறு. வேறு வழியே இல்லை என்றால் திங்கள் அல்லது செவ்வாய் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை போட்டால் ஞாயிறு எங்கோ தகரக் கொட்டகையில் கிடக்கும்.

முட்டையின் வயதும் முக்கியம். எண்ணிக்கை சேர வேண்டும் என்று 10 நாள் முட்டையும் நேற்று இட்டதையும் கலந்து அனுப்புவது பெரிய தப்பு. இட்டு 7 நாளுக்குள் அவயத்துக்குப் போய்விட வேண்டும். அதனால் அனுப்பும்போது 4 நாளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். சேர்த்து வைக்கும் நாட்களில் பானை முறை போதும்: அகலமான மண்பானையில் பாதிக்கு மணல், மணலில் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்து, மேலே காய்ந்த சாக்கு விரித்து, அதன் மேல் முட்டை. வாயை மெல்லிய துணியால் மூடி நிழலில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம்.

எந்த முட்டையையும் கழுவாதீர்கள். ஓட்டின் மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய படலம் போய்விட்டால் கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. எச்சம் ஒட்டிய முட்டை குழம்புக்கு. முதல் ஈடு இடும் வெடைக்கோழியின் குட்டி முட்டை, இரட்டைக் கரு, கோணல் ஓடு எல்லாமும் குழம்புக்கே.

பொள்ளாச்சி_சிறுவிடை:

நன்றி. பெட்டிக்குள் ஐஸ் ஜெல் பாக்கெட் வைத்தால் சூட்டுப் பிரச்சினை தீராதா?

மதுரை_இன்குபேட்டர்:

வைக்காதீர்கள். பக்கத்தில் உள்ள முட்டை அதிகமாகக் குளிரும், தள்ளி உள்ளது சூடாகவே இருக்கும். ஜெல் உருகியதும் குளிர்ந்த ஓட்டின் மேல் வெளிச்சூடு பட்டு வேர்க்கும். ஏசி அறையில் வைத்திருந்த முட்டையை நேராக வெயிலுக்குக் கொண்டுவந்தாலும் இதேதான். பேக் செய்வதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, ஓடு காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுச் சுற்றுங்கள்.

ராம்நாடு_நாட்டுக்கோழி:

வாங்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அனுப்புபவர் எவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டினாலும், வாங்கியவர் வந்த கையோடு இன்குபேட்டர் மெஷினில் போட்டுச் சுற்ற விட்டால் போச்சு. பெட்டிக்குள் இதை ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள்.

பிரித்ததும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மொட்டை முனையில் செல்போன் லைட்டை ஒட்டி வைத்து முட்டையை மெதுவாகச் சாய்க்கவும். காற்றறையின் விளிம்பு அசையாமல் நின்றால் நல்ல முட்டை. சாய்க்கிற பக்கமே விளிம்பும் சாய்ந்தால் உள்தோல் தளர்ந்திருக்கிறது, ஆனால் அவயத்துக்கு வைக்கலாம். குமிழ் குமிழாகப் பிரிந்து முட்டை முழுக்க ஓடினால் நம்பிக்கை இல்லை. மயிரிழை விரிசலும் இந்த வெளிச்சத்தில்தான் தெரியும்; அதைத் தனியே எடுத்துவிடவும்.

பிறகு கூர் முனை கீழாக ட்ரேயில் நிறுத்தி, அறையிலேயே குளிர்ந்த இடத்தில் 12 முதல் 24 மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். இரண்டு நாள் ஓய்வு என்று சிலர் சொல்கிறார்கள். அறையே 33 டிகிரி இருக்கும் ஊரில் அது ஓய்வு இல்லை, முட்டை கெடும் நேரம்.

மெஷினில் படுக்க வைக்காமல் நிறுத்தியபடியே வைக்கவும். ஃபேன் உள்ள மெஷினுக்கு 37.5 டிகிரி, ஃபேன் இல்லாததற்கு முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.6. ஈரப்பதம் 18 நாள்வரை 45–55 சதவீதம், அதற்குப் பிறகு 65–70. காற்றறை நன்றாக இருந்தால் முதல் 24 மணி நேரம் கழித்துத் திருப்ப ஆரம்பிக்கலாம். தளர்ந்திருந்தால் 2 முதல் 3 நாள் திருப்பாமல் விட்டு, பிறகு ட்ரேயை ஒரு பக்கம் 45 டிகிரி, அடுத்த தடவை மறுபக்கம் 45 டிகிரி என்று சாய்க்கவும். ஆட்டோ டர்னர் இல்லாதவர்கள் ட்ரேக்குக் கீழே ஒரு பக்கம் மரக்கட்டை வைத்து மாற்றி மாற்றிச் சாய்க்கலாம். மூன்று நாளுக்கு மேலும் திருப்பாமல் விட்டால் கரு ஓட்டுத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்த வேண்டும்.

அடைக்கோழிக்கு வைப்பதானால் ஒரு சிறுவிடைக்கு 10 முட்டை போதும். கோழி முதல் மணி நேரத்திலிருந்தே முட்டையை உருட்டும் என்பதால், காற்றறை தளர்ந்ததை மெஷினுக்கும் நல்லதைக் கோழிக்கும் பிரிப்பது புத்திசாலித்தனம்.

கொங்குக்கோழி:

சண்டை வராமல் இருக்க இன்னும் இரண்டு விஷயம்.

ஒன்று: ஒவ்வொரு பார்சல் அனுப்பும்போதும் அதே தேதி முட்டையில் 5ஐ இங்கே கோழிக்கு வையுங்கள். இங்கே பொரித்து அங்கே பொரிக்காவிட்டால் சேவல் மேல் பழி வராது. அவ்வப்போது பொரியலுக்கு உடைக்கும் முட்டையின் மஞ்சள் கருவையும் கவனியுங்கள். மேலே வெள்ளைப் புள்ளி சின்னதாக, 2 மி.மீ. அளவில் கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தால் கரு கூடவில்லை, அதாவது சேவல் சேர்ந்து உருவான முட்டை இல்லை. 3–4 மி.மீ. அகலத்தில் வட்டமாக, நடுவில் தெளிந்தும் சுற்றி வளையமாகவும் இருந்தால் கரு கூடியது.

இரண்டு: 7ஆம் நாள் டார்ச் அடித்த படத்தை வாங்கியவரிடம் கேளுங்கள். ஒன்றுமே இல்லாமல் தெளிவாகத் தெரிவதை உடைத்து அந்தப் புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் கெட்டிப் புள்ளி என்றால் பொறுப்பு உங்களுடையது. சிவப்பு வளையம் தெரிந்தால் கரு கூடி முதல் சில நாளிலேயே செத்தது. பழைய முட்டை, வழியில் சூடு, மெஷின் சூடு ஏறி இறங்கியது என்று மூன்றில் ஒன்று. 18 நாள்வரை வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தால் தளர்ந்த காற்றறையால் குஞ்சு சரியான இடத்தில் மூக்கை வைக்க முடியாமல் போயிருக்கலாம், அல்லது மெஷினில் ஈரப்பதம் தப்பு. விற்கும்போதே "கரு கூடியதற்கு நான் உத்தரவாதம், பொரிப்பதற்கு இல்லை" என்று சொல்லிவிட்டு, 30க்கு 3 முட்டை கூடுதலாக வையுங்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் பார்சல் முட்டையில் பாதி பொரித்தால் அது நல்ல கணக்குதான்.

ராம்நாடு_நாட்டுக்கோழி:

கூடவே ஒன்று. குஞ்சுகள் வெள்ளையாகக் கழிந்து சாகும் புல்லோரம் நோயும், மைக்கோபிளாஸ்மா சளி நோயும் தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே வரும். சளி பிடித்துக் குறட்டை விடும் கோழி பண்ணையில் இருக்கும்வரை யாருக்கும் முட்டை அனுப்பாதீர்கள். வாங்கியவர் வீட்டுக் கோழிகளுக்கும் அது போகும்.

பொள்ளாச்சி_சிறுவிடை:

பாலக்காட்டிலிருந்து ஒருவர் கேட்கிறார். அனுப்பலாமா?

மதுரை_இன்குபேட்டர்:

தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் எல்லைச் சோதனைச் சாவடியில் கோழி, முட்டை, தீவன வண்டிகளை நிறுத்திச் சோதிப்பார்கள், திருப்பியும் அனுப்புவார்கள். அந்தச் சமயத்தில் பணம் வாங்கிக்கொண்டு பார்சல் போடாதீர்கள். பெட்டி சாவடியில் வெயிலில் நின்றால் உள்ளே இருப்பது வெந்துவிடும். முன்கூட்டியே பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.