மறு: ‘வாக்கிங் பூட்’ – குதிநாண் அறுந்தவர் போடுவதற்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

குதிகாலுக்கு மேலே உள்ள நாண் அறுந்தவர்கள் அது கூடும் வரை காலில் போட்டு நடக்கும் ‘வாக்கிங் பூட்’டுக்கு இதுவரை வந்த தமிழ்ப் பரிந்துரைகள்: நடைக்காலணி, தாங்கு காலணி, நடைமூடணி, காலரணம், நடைச்சப்பாத்து, நடைக்கட்டு. சொல்லின் அமைப்பைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது, வாங்கிப் போன பிறகு வீட்டில் அது என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். நான் இயன்முறை மருத்துவர். நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டறிக்கைக்காகத்தான் இந்தச் சொல்லைத் தேடுகிறேன். கேட்டவுடனே அதை எப்படி நடத்த வேண்டும் என்று புரிகிற சொல்தான் எனக்கு வேண்டும்.

முதலில் அடிபட்ட உறுப்பு. ‘அக்கிலீசு தசைநார்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். முழங்காலில் எலும்பை எலும்போடு பிணைப்பது கிழிந்தாலும் செய்தித்தாளில் ‘தசைநார் கிழிவு’ என்றுதான் வருகிறது. இங்கே கிழிவது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைப்பது. இதற்குத் தசைநாண் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 1693இல் பிலிப் வெர்ஹெயென் என்ற பிளெமிய உடற்கூற்றியலாளர் லத்தீனில் எழுதியதும் ‘கோர்டா அக்கில்லிஸ்’ என்றுதான். கோர்டா என்றால் நாண், யாழின் நரம்பு. அக்கிலீசு என்ற கிரேக்க வீரனை விட்டுவிட்டால் ‘குதிநாண்’ என்ற குட்டிச் சொல் கையில் நிற்கிறது. 2024 பிப்ரவரியில் கிரிக்கெட் வீரர் முகமது ஷமிக்கு அறுவை சிகிச்சை நடந்தது இந்த நாணில்தான். அப்போது வந்த செய்திகளில் கணுக்கால் என்றும் குதிகால் என்றும் மாறி மாறிப் படித்தோம். குதிநாண் என்று ஒரு சொல் நிலைத்திருந்தால் அந்தக் குழப்பம் வந்திருக்காது.

நோயாளிகள் ‘குதிகால் நரம்பு அறுந்துபோச்சு’ என்கிறார்கள். நம் ஊரில் நரம்பு என்றால் இரத்தக் குழாயும் அடக்கம், நாணும் அடக்கம். பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்தில் நாண் என்றே வைத்துக்கொள்வோம்.

உடம்பிலேயே தடித்த, வலுவான நாண் இதுதான். அறுவது பெரும்பாலும் குதி எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே, இரத்த ஓட்டம் குறைவாக இருக்கும் இடத்தில். முப்பது நாற்பது வயதுக்காரர் வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் ஆடப் போவார். பந்தை எடுக்கப் பாய்ந்ததும் பின்னால் யாரோ உதைத்தது போல இருக்கும். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகும் நொண்டி நொண்டி நடக்க முடியும். அதனால்தான் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு நீவிவிட்டு நாளைக் கடத்துகிறார்கள். கண்டுபிடிக்கும் வழி எளிது. குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்கால் சதையைப் பிடித்து அமுக்கினால் பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையாமல் கிடந்தால் நாண் போய்விட்டது.

சரி, இனி பூட். இரண்டு பக்கமும் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே மெத்தை, மேலே வரிசையாக வெல்க்ரோ பட்டைகள். சிலவற்றில் காற்றடைக்கும் பையும் உண்டு. அடிப்பாகம் முன்னும் பின்னும் வளைந்திருக்கும். கணுக்கால் மடங்காமலேயே அடி உருண்டு அடுத்த எட்டுக்குப் போக அந்த வளைவு உதவுகிறது. குதிகாலுக்குக் கீழே ஆப்பு வடிவத்தில் இரண்டு மூன்று துண்டுகளை அடுக்கிவைப்பார்கள். மருத்துவம் முழுக்க இந்தத் துண்டுகளில்தான் இருக்கிறது. பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க எக்கி நிற்கும்போது குதி மேலேயும் விரல் கீழேயும் இருக்கிறதே, பாதத்தை அந்த நிலையில் வைத்தால்தான் அறுந்த இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கூடும். நாண் கூடக் கூட, வாரம் ஒன்றோ இரண்டோ கழிந்ததும் ஒரு துண்டாக எடுத்துப் பாதத்தைச் சமநிலைக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்கு இருந்தாலும், மொத்தத்தில் இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும்.

முன்பெல்லாம் மாவுக்கட்டுதான், காலை ஊன்றவே கூடாது. இப்போது சீக்கிரமே ஊன்றி நடக்கச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் அறுவை செய்துகொள்ளாத 540 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாவுக்கட்டும் மறு பிரிவுக்கு இப்படிப்பட்ட பூட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பூட் போட்டவர்கள் முதலிலிருந்தே காலை ஊன்றலாம். ஒன்பது மாதம் கழித்து இரு பிரிவினரின் காலும் ஒரே அளவு தேறியிருந்தது. அதாவது நடந்ததால் கெட்டுப்போகவில்லை. ஆனால் பூட் காலில் இருக்கும் வரைதான் அந்த உறுதி. அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் அழுத்தி ஊன்றினால் இளம் நாண் இழுபட்டு நீளும், மறுபடி அறுந்தும் போகலாம். அறாமல் நீண்டாலும் நட்டம்தான். நாண் தளர்ந்த வில் மாதிரி, எவ்வளவு இழுத்தாலும் அம்பு போகாது. ஒற்றைக்காலில் எக்கி நிற்கும் வலு வருடக்கணக்கில் திரும்பாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது பெயருக்கு வருகிறேன். நம் வீடுகளில் காலணி எங்கே இருக்கும்? வாசலில். ஷூ, செருப்பு, பூட்ஸ், காலணி, மிதியடி, எந்தப் பெயரில் சொன்னாலும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவோம். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கை தானாகக் குனிந்து கழற்றிவிடும். ‘ஷூ’ என்று சொல்லிக் கொடுத்த பொருளையும் மக்கள் அப்படித்தான் நடத்துகிறார்கள். பூஜை அறைக்குப் போகும்போது கழற்றுகிறார்கள், சாப்பிட உட்காரும்போது கழற்றுகிறார்கள், விருந்தாளி வந்தால் மரியாதைக்காகக் கழற்றுகிறார்கள். வெளியே போகும்போது ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார்கள். இது நோயாளியின் அலட்சியம் இல்லை, நாம் வைத்த பெயர் அவரை அப்படிச் செய்யச் சொல்கிறது. ஆகவே காலணி, சப்பாத்து என்று முடியும் எந்தச் சொல்லும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ‘பெல்ட்’ என்று கடைகளில் சொல்வதும் இதே காரணத்தால் ஆகாது. இடுப்பு பெல்ட்டையும் முட்டி பெல்ட்டையும் வலிக்கும்போது மட்டும் போட்டுப் பழகியவர்கள் நாம்.

புலவர் ஐயா, உங்கள் ‘காலரணம்’ பற்றி. பெரும்பாணாற்றுப்படையில் கழுதைமேல் மிளகு ஏற்றிப் போகும் வணிகர்கள் ‘அடிபுதை அரணம்’ அணிந்திருக்கிறார்கள் என்று நீங்கள் எடுத்துக்காட்டியதைப் படித்து அன்று முழுக்க மகிழ்ச்சியாக இருந்தேன். அடியைப் புதைக்கும் அரணம்! பூட்ஸுக்கு அதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. ஆனால் ‘காலரணம்’ என்று தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது ‘கால் ரணம்’. காலில் புண் என்று நினைத்துக்கொள்வார். ‘நடையரணம்’ என்றாலும் அந்த ரணம் பின்னாலேயே வருகிறது. ‘அடியரணம்’ என்ற சொல்லை ஆலைகளிலும் கட்டட வேலையிலும் போடும் இரும்பு முனை பூட்ஸுக்கு வைக்கலாமா? அதற்கும் ஒரு நல்ல தமிழ்ப்பெயர் வேண்டும்.

மீதி இருப்பது ‘நடைக்கட்டு’. நான் இதையே ஆதரிக்கிறேன். மாவுக்கட்டு எல்லோருக்கும் தெரியும், புத்தூர் கட்டும் தெரியும். கட்டு என்று ஒன்றைப் போட்டுவிட்டால் வைத்தியர் சொல்லும் வரை நம் மக்கள் அதில் கைவைக்க மாட்டார்கள். அதோடு பூஜை அறைக்குள்ளும் போவார்கள், யாரும் குறை சொல்வதில்லை. ‘மாவுக்கட்டைப் பிரித்து நடைக்கட்டு போட்டிருக்கிறார்கள்’ என்று ஒரு பாட்டி பக்கத்து வீட்டில் சொன்னால் கேட்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. ‘நடையைக் கட்டு’ என்பது போல ஒலிக்கிறதே என்று ஒரு நண்பர் தயங்கியிருந்தார். நடுவில் இருக்கும் ‘க்’ அதைப் பிரித்துக் காட்டிவிடும் என்று நம்புகிறேன். ‘கால்கட்டு’ என்று சுருக்க மட்டும் வேண்டாம், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பார்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து

————

வணக்கம் அக்கா.

நடைச்சப்பாத்து என்று எழுதியது நான்தான். வாசலில் கழற்றிவிடுவார்கள் என்ற நியாயத்தை ஏற்றுக்கொள்கிறேன். இங்கே கனடாவிலும் எங்கள் ஆட்களின் வீடுகளில் சப்பாத்து வாசலோடு சரி. பூட்ஸ் என்றாலும் சிக்கல், இங்கே அது பனிக்காலத்தில் போடுவது.

ஆனால் ‘கட்டு’ என்றால் கழற்றவே கூடாது என்று எண்ணிவிட மாட்டார்களா? என் மாமாவுக்குச் சில வாரங்களுக்குப் பிறகு ஒரு நாளில் சில தடவை கழற்றிப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். கழுவுவதற்கும் கழற்றத்தானே வேண்டும்? கட்டு என்று சொன்னால் பயிற்சியையே விட்டுவிடுவார்கள் என்பது என் பயம்.

இன்னொன்று. குதிக்குக் கீழே வைக்கும் துண்டுக்கு ‘ஆப்பு’ என்று நம் குழுவின் சொற்பட்டியலில் இருக்கிறது. வடிவம் சரி. ஆனால் ‘உங்கள் காலுக்கு மூன்று ஆப்பு வைத்திருக்கிறோம்’ என்று மருத்துவர் சொன்னால் நோயாளி என்ன நினைப்பார்?

ஸ்கார்பரோவிலிருந்து

————

தம்பிக்கு வணக்கம்.

நல்ல கேள்வி. கழற்றக் கூடாத நேரத்தில் கழற்றுவது, கழற்ற வேண்டிய நேரத்தில் கழற்றாமல் இருப்பது, இரண்டு தவறும் நடக்கும். முதல் தவறு நாணை அறுத்துவிடும். இரண்டாவது கணுக்காலை இறுக்கமாக்கும், தோலைப் புண்ணாக்கும். அதையும் சின்னது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்த முறை வரும்போது கவனித்துச் சரிசெய்துவிடலாம். பெயர் ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும் என்றால் நாண் பிழைக்கும் பக்கம் சாயட்டும். மீதியைத் துண்டறிக்கை பார்த்துக்கொள்ளும்.

‘ஆப்பு’ வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். ‘குதியணை’ எப்படி? தலையணை போலவே தாங்குவது. ‘முதல் குதியணையை எடுத்தாயிற்று, இன்னும் இரண்டு இருக்கின்றன’ என்று சொல்ல நன்றாக வருகிறது. எக்கி நிற்கும் பாதநிலைக்கு ‘எக்குநிலை’. வளைந்த அடிப்பாகத்துக்கு ‘உருளடி’. வெல்க்ரோ வெல்க்ரோவாகவே இருக்கட்டும், தையற்கடையிலும் செருப்புக் கடையிலும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

இந்தச் சொற்களை வைத்துத் துண்டறிக்கையின் ஒரு பகுதியை எழுதிப் பார்த்தேன். எங்கே தடுக்குகிறது என்று சொல்லுங்கள்:

“நடைக்கட்டை வீட்டுக்குள்ளும் போட்டிருக்க வேண்டும். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லும் வரை தூங்கும்போதும் போட்டிருங்கள். கழற்றலாம் என்று உங்களிடம் சொன்ன பிறகு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துதான் கழற்ற வேண்டும். நின்றுகொண்டு கழற்றாதீர்கள். மேல் பட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் காலை மெல்ல வெளியே எடுங்கள். பாதம் தொங்கியபடி, விரல்கள் கீழ்நோக்கியே இருக்கட்டும். தரையில் ஊன்றாதீர்கள். பாதத்தைக் கையால் மேல்நோக்கி வளைக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலரவிட்டு, குதியிலும் முன்காலிலும் கணுக்கால் முட்டியிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சுருக்கமில்லாமல் பருத்திக் காலுறை போட்டு, குதி பின்பக்கம் முட்டும் வரை காலை உள்ளே தள்ளி, இந்தமுறை கீழ்ப் பட்டையிலிருந்து மேலாக ஒட்டிக்கொண்டு வாருங்கள்.

குதியணைகளை நீங்களாக எடுக்காதீர்கள்.

நடைக்கட்டு போட்ட கால் உயரமாக இருக்கும். மற்றக் காலுக்கும் அதே உயரத்தில் தடித்த அடியுள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்குள்ளும்தான். இல்லாவிட்டால் இடுப்பும் முதுகும் வலிக்கும். வலது காலில் இருந்தால் வண்டி ஓட்டாதீர்கள். ஈரத்தரையில் உருளடி வழுக்கும். கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி வலித்தால், அல்லது திடீரென்று மூச்சு வாங்கினால், உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.”

மற்றக் காலுக்கு வீட்டுக்குள் செருப்பு என்ற வரியில்தான் எனக்கு இன்னும் தயக்கம். நடைக்கட்டைப் பூஜை அறைக்குள் கொண்டுபோக ஒரு பெயர் கிடைத்துவிட்டது, பக்கத்துக் காலின் செருப்பு மறுபடி வாசலுக்குப் போய்விடும். தெருப்பக்கம் போகாத புதுச்செருப்பை வீட்டுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், பலர் ஒத்துக்கொள்கிறார்கள். ‘உயரச் செருப்பு’ என்பதற்குப் பதிலாக அதற்கும் கட்டு, அணை என்ற குடும்பத்தில் ஒரு சொல் அமையுமா? ‘ஈடணை’ என்று ஒன்று மனத்தில் ஓடுகிறது, இன்னும் ஒட்டவில்லை. புலவர் ஐயா பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
மதுரையிலிருந்து