ரெண்டு உருண்டை களிக்கு எத்தனை கிராம் மாவு?

மத்தூர் மிளகாய்:
நேத்து ராத்திரி நம்ம பென்னாகரம் பெருசு போட்ட பதிவை அப்படியே எடுத்துப் போடறேன்: "நாப்பது தாண்டினவங்க தினம் ரெண்டு உருண்டை ராகிக் களி சாப்பிட்டா போதும். சுகர் ஏறாது, தொப்பை கரையும், நடக்கவே வேண்டாம்." இதுக்குக் கீழ வரிசையா கும்பிடு வேற.

கணக்குப் பாக்கலாமா? ஒரு உருண்டைக்கு 100 கிராம் மாவு. ரெண்டுக்கு 200. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் போட்ட பட்டியல்ல 100 கிராம் ராகிக்கு சுமார் 320 கலோரி, மாவுச்சத்து 67 கிராம். வெள்ளை அரிசிக்கு 356 கலோரி, 78 கிராம். வித்தியாசம் அவ்வளவுதான். ரெண்டு உருண்டை உள்ள போனா 134 கிராம் மாவுச்சத்து. அது ரத்தத்துல கலக்காம தென்பெண்ணை ஆத்துலயா போய்க் கலக்கும்? நார்ச்சத்து 11 கிராம், கால்சியம் 364 மில்லிகிராம், அரிசி கிட்டயே வர முடியாது, அதெல்லாம் சரி. ஆனா "ஏறாது"ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தத் திரி.

பென்னாகரம் பெருசு:
உருண்டைக்கு 100 கிராமா? நீ என்ன கறி விருந்துக்கா கிண்டற? வீட்டு உருண்டைன்னா 50 கிராம் மாவு. நம்ம ஜனம் களி தின்னு காடு கழனி பாத்தவங்க, எவனுக்கு இருந்தது சுகர்? பட்டியல் பாத்துக் களி தின்ன காலம் வந்துருச்சு.

மத்தூர் மிளகாய்:
"காடு கழனி பாத்தவங்க." நீங்களே எழுதிட்டீங்க. காலையில 6 மணிக்கு மண்வெட்டி புடிச்சவன் 200 கிராம் மாவைத் தின்னா தொடைத் தசை அதை இழுத்துக்கும். ரெஜிஸ்டர் ஆபீஸ் நாற்காலியில 8 மணி நேரம் உக்காந்தவன் தின்னா எங்க போகும்? "நடக்கவே வேண்டாம்"னு சொன்னது யாரு?

அப்புறம், 50 கிராம் மாவுல கிண்டினா அது உருண்டை இல்ல, எலுமிச்சம்பழம். உருண்டைக்கு 100 கிராம்.

அரூர் ஆப்பச்சட்டி:
ஆரம்பிச்சுட்டாங்கய்யா. மாம்பழத் திரி மாதிரி இதுவும் நாலு நாள் ஓடும்.

ஓட்ஸ் ஓசூரான்:
களியே வேணாம்னு விட்டுட்டு காலையில 40 கிராம் ஓட்ஸ், ரெண்டு முட்டை. முடிஞ்சது. அந்த வயசுல தேவை புரதம். 70 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேணும். 100 கிராம் ராகியில 7 கிராம்தான் இருக்கு. ஒரு முட்டையில 6.

பென்னாகரம் பெருசு:
பாக்கெட் உடைச்சுத் தின்றவரு வந்துட்டாரு. தம்பி, ராகி விளையற மாவட்டத்துல உக்காந்துக்கிட்டு ஓட்ஸ் பத்திப் பேசற. 2023-ல் ரேஷன்ல அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி கொடுக்கலாம்னு முடிவு பண்ணப்ப நீலகிரியும் நம்ம தருமபுரியும்தான் முதல்ல. அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?

மத்தூர் மிளகாய்:
ரேஷன்ல 2 கிலோ கொடுத்தாங்க, சரி. உருண்டைக்கு எத்தனை கிராம்னு கார்டுல அச்சடிச்சா கொடுத்தாங்க? பேச்சை மாத்தாதீங்க பெருசு.

ராயக்கோட்டை தக்காளி:
ரெண்டு பேரும் களி கிண்டினதே இல்லன்னு நல்லாத் தெரியுது.

200 மில்லி டம்ளர்ல மாவை லேசாச் சரிச்சு விட்டு மேலே வழிச்சா 110, 120 கிராம் நிக்கும். அதே டம்ளரைத் தரையில தட்டித் தட்டி அமுக்கி நிரப்புனா 140ஐயும் தாண்டும். அதனால டம்ளர் கணக்கு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. ஒரு டம்ளர் மாவுக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி, ஒரு கைப்பிடி நொய். நொய்யை முதல்ல போட்டு குழைய வேக விடணும். கொதிக்கற தண்ணியில மாவை நடுவுல மலை மாதிரி கொட்டணும், கிண்டக் கூடாது. களிக்கிண்டி காம்பால நடுவுல ஒரு ஓட்டை போட்டு மூடி, அடுப்பைக் குறைச்சு 8, 10 நிமிஷம் விடணும். அந்த ஓட்டை வழியா தண்ணி பொங்கி மேல வந்து மாவு நிறம் கறுக்கும். அப்பத்தான் இறக்கி, குண்டானைக் காலால அணைச்சுக்கிட்டுக் கிண்டணும். அவசரப்பட்டு முன்னாடியே கிண்டினா கட்டி விழும். கட்டிக்குள்ள பச்சை மாவு இருக்கும், அதுதான் ராத்திரி வயித்தைப் பொருமச் செய்யும். களி மேல குத்தம் சொல்றவங்க முக்கால்வாசிப் பேரு வேகாத களியைத் தின்னவங்க. ஈர விரல்ல தொட்டா ஒட்டக் கூடாது, அதுதான் பதம்.

பென்னாகரம் பெருசு:
சரியாச் சொன்னம்மா. அக்கா சொன்னதையே பாரு: ஒரு டம்ளர்ல ரெண்டு உருண்டை வரும். டம்ளருக்கு 110. பாதி 55. நான் சொன்ன 50.

மத்தூர் மிளகாய்:
அக்கா எங்க ரெண்டு உருண்டைன்னு சொன்னாங்க? மேல போய்ப் படிங்க. "ரெண்டு" அப்படிங்கற வார்த்தை உங்க வாயில இருந்துதான் வருது. 110 கிராம் மாவுல ஒரு உருண்டை. அதுவும் நொய்யையே விட்டுட்டீங்க. கைப்பிடி நொய்னா 30, 35 கிராம் அரிசி. "நான் அரிசியே தொடறதில்லை, களி மட்டும்தான்"னு டாக்டர்கிட்ட சொல்றவங்க எல்லாரும் நொய்யை எந்தக் கணக்குல எழுதறாங்க?

ராயக்கோட்டை தக்காளி:
நொய் இல்லாத களி களியே இல்ல.

ஓட்ஸ் ஓசூரான்:
எங்க பக்கம் முத்தேக்கு, அதான் கன்னடத்துல ராகிக் களி, நொய் போட மாட்டாங்க.

ராயக்கோட்டை தக்காளி:
அதான் முத்தேன்னு சொல்றீங்க. நாங்க பேசறது களி.

டேம் நடையாளி:
உருண்டையை விடுங்க, வீட்டுல சுகர் பாக்கற கருவியில எப்படிப் பாக்கறீங்க? "களி தின்னேன், 240 காட்டுது"ன்னு ஒருத்தர் வேற திரியில அழுதாரு. மாம்பழம் அறுத்த கையோட விரலைக் குத்தினா 240 என்ன, 400 கூடக் காட்டும். விரல்ல ஒட்டின பழச்சாறு ரத்தத்துளியில கலந்துரும். சோப்பு போட்டுக் கழுவி நல்லாத் துடைச்சுக் காய வெச்சு, விரல் நுனியில குத்தாம பக்கவாட்டில குத்தணும். ஈரக் கையும் கூடாது, தண்ணி கலந்தா குறைச்சுக் காட்டும். கருவியில சொருகற பட்டை இருக்கற டப்பாவை மூடாம வெச்சா ஈரம் ஏறிக் கெட்டுரும். ரெண்டு மணி நேரக் கணக்கு, முதல் வாய் வெச்ச நிமிஷத்துல இருந்து. சாப்பிட்டு முடிச்சதுல இருந்து இல்ல.

மத்தூர் மிளகாய்:
இதுதான் பேச்சு. பெருசு, இதே மாதிரி ஒரு நாள் 100 கிராம் மாவுல களி, இன்னொரு நாள் 100 கிராம் அரிசியில சோறு, குழம்பு ரெண்டு நாளும் ஒண்ணே, ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாத்து நம்பரைப் போடச் சொல்லுங்க உங்க கும்பிடு கோஷ்டியை. போட மாட்டாங்க.

அதோட, களியை மெல்லாம முழுங்கறது இன்னொரு வினை. அஞ்சு நிமிஷத்துல ஒரு உருண்டை உள்ள போயிரும், வயிறு நிறைஞ்ச சேதி மூளைக்குப் போறதுக்குள்ள ரெண்டாவது உருண்டை தட்டுல. நைசா அரைச்ச மாவு, கஞ்சியா குடிச்சா இன்னும் வேகமா ஏறும். கூடவே வெல்லம் போட்டுக் குடிச்சுட்டு "சத்தான பானம்" வேற.

பென்னாகரம் பெருசு:
கூழையும் குறை சொல்லு. மோர் ஊத்தி, சின்ன வெங்காயம் கடிச்சுக் கூழ் குடிச்சவனுக்குத்தான் அதோட அருமை தெரியும். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த மண்ணு இது. ஆயுளைப் பத்தி எங்களுக்குப் பாடம் எடுக்காத.

அரூர் ஆப்பச்சட்டி:
அதியமான் கொடுத்தது ஒரே ஒரு நெல்லி. ரெண்டு உருண்டை நெல்லி இல்ல.

மத்தூர் மிளகாய்:
:) அதுவும் அவர் தின்னாம அடுத்தவங்களுக்குக் கொடுத்தாரு. நீங்க அடுத்தவங்க களியையும் சேத்துத் தின்னச் சொல்றீங்க.

ராயக்கோட்டை தக்காளி:
களிக்குத் தொட்டுக்க என்னன்னு ஒருத்தரும் கேக்கல. அங்கதான் விஷயமே. பிதுக்கம் பருப்புக் குழம்பு, கொள்ளுக் கடைசல், கீரை. 100 கிராம் கொள்ளுல 20 கிராமுக்கு மேல புரதம் இருக்கு. தட்டுல பாதி கீரையும் காயும், கால் பாகம் கொள்ளோ முட்டையோ மீனோ, மிச்சக் கால் பாகம்தான் களி. முதல்ல கீரையும் பருப்பும் ரெண்டு வாய், அப்புறம் களி. இப்படித் தின்னா ஏத்தம் மெதுவா இருக்கும். வெறும் களியைப் புளிக்குழம்புல முக்கி முழுங்கறதைத்தான் எல்லாரும் பழைய சாப்பாடுன்னு சொல்லிக்கறாங்க.

பென்னாகரம் பெருசு:
கால் தட்டுக் களின்னா எத்தனை உருண்டை?

ராயக்கோட்டை தக்காளி:
தட்டைப் பொறுத்தது.

மத்தூர் மிளகாய்:
அரை உருண்டை. 50 கிராம் மாவு. ஏன்னா முழு உருண்டை 100.

பென்னாகரம் பெருசு:
இல்ல, ஒரு உருண்டை. ஏன்னா உருண்டையே 50.

டேம் நடையாளி:
ரெண்டு பேரும் ஒரே அளவைத்தானே சொல்றீங்க?

மத்தூர் மிளகாய்:
இல்லவே இல்ல.

பென்னாகரம் பெருசு:
ஒரே அளவா? அவரு சொல்றதும் நான் சொல்றதும் ஒண்ணா?

ஓட்ஸ் ஓசூரான்:
"நடக்க வேண்டாம்"னு சொன்னதைப் பத்தி யாரும் பேசலையே. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமான நடை, ரெண்டு நாள் தசைக்கான பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் சொல்றது இது. நடையைக் கூட ஒப்பேத்திருவாங்க, தசையை யாரும் கண்டுக்கறதில்லை. நாப்பதுக்கு மேல தசை கரைய ஆரம்பிக்குது. தசை போனா சர்க்கரையை வாங்கி வெக்கற குடோன் போச்சு. கை வெக்காத நாற்காலியில உக்காந்து எந்திரிக்கறது 10 தடவை, மூணு சுத்து. எழுந்திருக்கறப்ப 1, உக்கார்றப்ப 3 எண்ணணும். தொப்புனு விழுந்தா தசைக்கு வேலை இல்ல, முட்டிக்குத்தான் அடி. முட்டி உள்பக்கமா மடங்கக் கூடாது. 5 லிட்டர் தண்ணி கேன் ரெண்டைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாலே ஆரம்பத்துக்குப் போதும்.

பென்னாகரம் பெருசு:
முட்டியைப் பத்தி நீ பேசாத. இங்க முட்டி வலிக்குக் காரணம் போர் தண்ணியில இருக்கற ஃபுளோரைடு. அதுக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. போர் தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கன்னு டவுன்காரங்க சொல்லிக் கொடுத்தாங்க, அதான் கெட்டுது.

டேம் நடையாளி:
இதுல பெருசு சொல்றது சரி. காய்ச்சினா ஃபுளோரைடு போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது. களிக்கும் குழம்புக்கும் கூட நல்ல தண்ணிதான் ஊத்தணும், குடிக்க மட்டும் கேன் தண்ணின்னா பாதிக் கிணறுதான். ஆனா முட்டி வலிக்கறவங்க எல்லாருக்கும் ஃபுளோரைடு இல்ல. 85 கிலோ எடையைச் சுமக்கற முட்டிக்கு வலிக்கத்தான் செய்யும்.

மத்தூர் மிளகாய்:
பெருசு, தண்ணிக்குள்ள போய் ஒளிஞ்சுக்காதீங்க. ஒரு உருண்டைக்கு எத்தனை கிராம் மாவு?

தொப்பை கரையும்னீங்களே, அதையும் பாத்துருவோம். "என் பேன்ட் 34 சைஸுதான்"னு சொல்றவங்க எல்லாம் தொப்பைக்குக் கீழ பெல்ட் கட்டறவங்க. டேப்பை வைக்க வேண்டியது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பு மேட்டுக்கும் நடுவுல, மூச்சை இழுக்காம, சாதாரணமா விட்ட நிலையில. ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80. அதைத் தாண்டினா களியும் ஒண்ணுதான், பரோட்டாவும் ஒண்ணுதான், அளவைக் குறைச்சே ஆகணும்.

ராயக்கோட்டை தக்காளி:
களியும் பரோட்டாவும் ஒண்ணா? மைதாவுல நார்ச்சத்து எங்க இருக்கு? மிளகாய், வாய்க்கு வந்ததை எழுதாதீங்க. போன தடவையும் இதே மாதிரிதான், மாம்பழத்துல செந்தூராவும் தோத்தாபுரியும் ஒண்ணுன்னு எழுதிட்டு அப்புறம் பதிவையே அழிச்சீங்க.

மத்தூர் மிளகாய்:
நான் அழிக்கல. அந்தத் திரியையே பூட்டிட்டாங்க. அதுவும் ஒருத்தர் புகார் கொடுத்ததால. யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

அரூர் ஆப்பச்சட்டி:
என்னைப் பாக்காதீங்க.

டேம் நடையாளி:
ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன், இது சண்டைக்கில்ல. அரசாங்கத்தோட 8 கிலோமீட்டர் நடைத் திட்டம் வந்ததுல இருந்து எல்லாரும் வெறும் வயித்துல 8 கிலோமீட்டர் நடக்கறாங்க. சுகருக்குக் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போடறவங்களும் இன்சுலின் போடறவங்களும் அப்படிப் போகாதீங்க. கை நடுங்கி, வேர்த்து, கண்ணு மங்கினா அது களைப்பு இல்ல, சர்க்கரை இறங்கிப் போச்சு. பாக்கெட்ல மூணு ஸ்பூன் சர்க்கரை மடிச்சு வெச்சுக்கோங்க. பிஸ்கட் லேட்டாத்தான் வேலை செய்யும். 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பக் குத்திப் பாருங்க. களி தின்னா மாத்திரையை விட்டுரலாம்னு யாராவது சொன்னா அந்தப் பேச்சை அங்கயே விட்டுட்டு வாங்க.

பென்னாகரம் பெருசு:
நான் மாத்திரையை விடச் சொல்லல.

மத்தூர் மிளகாய்:
"சுகர் ஏறாது"ன்னா அதுக்கு என்ன அர்த்தம்? படிக்கறவன் என்ன செய்வான்? மக்களைத் தேடி மருத்துவம்னு 2021-ல் நம்ம சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியிலதான் ஆரம்பிச்சாங்க. வீட்டுக்கே மாத்திரை வருது. அதை வாங்கி அலமாரியில வெச்சுட்டு ரெண்டு உருண்டை தின்னு படுக்கறவனுக்கு யாரு பொறுப்பு?

பென்னாகரம் பெருசு:
ரெண்டு உருண்டைன்னா 100 கிராம். 100 கிராம் மாவுக்குப் பொறுப்பு நானே ஏத்துக்கறேன்.

மத்தூர் மிளகாய்:
200.

ஓட்ஸ் ஓசூரான்:
யாராவது ஒரு தராசு வாங்குங்கப்பா.

பென்னாகரம் பெருசு:
தராசுல எதை வெக்கறது? களியையா, மாவையா? களியை வெச்சா தண்ணி எடையும் சேந்து வரும், அப்புறம் "300 கிராம்"னு இன்னொரு புரளி கிளப்புவாரு மிளகாய்.

மத்தூர் மிளகாய்:
மாவைத்தான் நிறுக்கணும்னு முதல் பதிவுலயே இருக்கு. 100 கிராம் மாவு. வேணும்னா தடிச்ச எழுத்துல இன்னொரு தடவை போடறேன்.

ராயக்கோட்டை தக்காளி:
நொய்யையும் சேத்தா?

மத்தூர் மிளகாய்:
நொய் தனி.

பென்னாகரம் பெருசு:
பாத்தீங்களா, கணக்கை மாத்தறாரு. காலையில நொய்யைச் சேத்துப் பேசினாரு.