நோமோட்செட்டை எழுதியது நான்தான்

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு மூன்று மாதம் ஓட்டினேன். வீடியோ ஒன்றைத் திறந்தால் போதும், ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும். விண்டோவை இழுத்தால் யோசித்து யோசித்து நகரும். லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் ராம் எவ்வளவு என்று பார்க்க செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தைத் திறந்தேன். கிராஃபிக்ஸ் என்ற வரியில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தது. அது கிராஃபிக்ஸ் சிப்பின் பெயரே அல்ல. சிப் கைக்கு எட்டாதபோது, திரையில் வரைய வேண்டிய அத்தனையையும் மேசா என்ற கிராஃபிக்ஸ் மென்பொருள் சிபியூவின் தலையில் கட்டிவிடும். அந்த ஏற்பாட்டின் பெயர்தான் அது. மூன்று மாதமாக சிப் சும்மா உட்கார்ந்திருக்க, சிபியூ மாடாய் உழைத்திருக்கிறது.

சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தேடி இரண்டு மாலைகள் வீண். என் சிப்புக்கான டிரைவர் லினக்ஸின் மையமான கர்னலோடேயே வருகிறது, தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. கடைசியில் ப்ராக் கோப்புறையில் இருக்கும் சிஎம்டிலைன் ஃபைலைப் பார்த்தேன். கர்னல் என்னென்ன ஆப்ஷனோடு பூட் ஆனது என்று அது சொல்லும். அங்கே நின்றது 'நோமோட்செட்'. அப்போதுதான் ஞாபகம் வந்தது. லினக்ஸ் போட்ட அன்று திரை கறுப்பாகவே நின்றதால், எங்கோ படித்துவிட்டு லினக்ஸை பூட் செய்யும் கிரப்பின் ஃபைலில் நானே எழுதிய வார்த்தை. அது இருக்கும்வரை கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறாது. முதலுதவிக்கு நல்ல மருந்துதான், கட்டைப் பிரிக்க மறந்தது என் தப்பு.

உடனே அழிக்கவில்லை. பூட் ஆகும்போது கிரப் மெனுவில் 'இ' அழுத்தி, அந்த ஒரு தடவைக்கு மட்டும் நீக்கிப் பார்த்தேன். ஏதாவது கெட்டால் மறுபடி ஆன் செய்தால் போதும், பழையபடி வந்துவிடும். கெடவில்லை, இடையில் வந்த கர்னல் அப்டேட் ஏதோ ஒன்று அந்தக் கறுப்புத் திரையைச் சரிசெய்திருக்க வேண்டும். அப்புறம்தான் ஃபைலிலும் அழித்து மாற்றம் நிலைக்க 'அப்டேட்-கிரப்' கட்டளை கொடுத்தேன். இப்போது ஃபேன் இருப்பதே தெரியவில்லை.

* * *

உங்களுக்காவது திரை வந்தது அண்ணே. எனக்கு, திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸார்க்கில் வீடியோ குறுக்கே கிழிந்த மாதிரி தெரியும். அதைத் தடுக்கும் 'டியர்ஃப்ரீ' ஆப்ஷன் போட ஒரு கான்ஃபிக் ஃபைல் எழுதினேன், நாலைந்து வரிதான். ரீஸ்டார்ட் செய்தால் லாகின் திரையே இல்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வரும் என்று தெரிந்திருந்ததால் பிழைத்தேன். எக்ஸார்க் லாகைத் திறந்து 'ஈஈ' என்று பிழைக் குறி போட்ட வரிகளை மட்டும் படித்தேன். பகுதியை முடிக்கும் 'எண்ட்செக்ஷன்' எழுதாமல் விட்டிருக்கிறேன்!

* * *

அந்த ஃபைல் இன்னும் இருக்கிறதா தம்பி?

* * *

இருக்கிறது அண்ணே. நான் எக்ஸார்க்கை விட்டு, அதே வேலையைச் செய்யும் வேலண்டுக்கு மாறி ஒரு வருடமாகிறது, அது இந்த ஃபைலைத் திறந்தே பார்க்காது. கிழிசலும் இல்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் அழிக்கப் போகிறேன்.