ஒரே பெயரில் இரண்டு ‘பொங்கல்’: வீட்டுக்குள் கோப்பு மாற்றிய அனுபவங்கள்

கொக்குவிலில் இருந்து:

பெரியப்பாவின் பழைய மாக்புக்கில் இருந்த 180 ஜிபி குடும்பப் படங்களை என் லினக்ஸ் லப்டொப்புக்கு எடுத்த கதை இது. நடந்தது 2022 மார்ச் கடைசியில். 13 மணித்தியால மின்வெட்டு என்று அறிவித்த அந்தக் கிழமை எல்லாருக்கும் நினைவிருக்கும்.

முதலில் வைஃபையில்தான் தொடங்கினேன். எங்களுடையது அம்மம்மா காலத்துக் கல்வீடு, சுவர் எல்லாம் நல்ல மொத்தம். றவுட்டர் விறாந்தையில், நான் உள்ளறையில். விநாடிக்கு 3 எம்பியைத் தாண்டவில்லை. கணக்குப் பார்த்தால் 16 மணித்தியாலத்துக்கு மேல். அவ்வளவு நேரம் அந்த நாட்களில் கரண்ட் எங்கே இருந்தது, கரண்ட் நின்றால் றவுட்டரும் நின்றுவிடும்.

றவுட்டரே தேவையில்லை என்பது பிறகுதான் உறைத்தது. இரண்டு லப்டொப்பிலும் நெற்வேர்க் வயர் குத்துகிற இடம் இருந்தது, இரண்டும் விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகம். ஒரு வயரால் நேரே இணைத்து, ஒன்றுக்கு 192.168.50.1, மற்றதுக்கு 192.168.50.2 என்று கையால் முகவரி கொடுத்து, மாக்கில் வேறு கணினியில் இருந்து நுழைய விடும் ‘ரிமோட் லாகின்’ வசதியைத் திறந்துவிட்டு, ஆர்சிங்க் (rsync) என்ற கோப்பு நகலெடுக்கும் நிரலால் இழுத்தேன். விநாடிக்கு 60, 70 எம்பி வந்தது. அந்தப் பழைய டிஸ்க் அதற்கு மேல் தராது. அரை மணித்தியாலத்தில் மாக்கின் பற்றரி படுத்துவிட்டது. கரண்ட் வந்ததும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தேன், வந்து சேர்ந்த படங்களை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுத்தது. சும்மா இழுத்துப் போட்டிருந்தால் எது வந்தது எது வரவில்லை என்று தேடியே விடிந்திருக்கும்.

சரி, முடிந்தது என்று ஃபோல்டரைத் திறந்தால் ‘பொங்கல் 2014’ இரண்டு. ‘கொக்குவில் வீடு’ இரண்டு. ‘தோட்டம்’ இரண்டு. ‘நல்லூர் தேர்’ மட்டும் ஒன்று. என் லப்டொப்பில் முன்பே ஒரு தொகுதி படம் இருந்தது, வீட்டு விண்டோஸ் கணினியில் இருந்து எடுத்தது, அதே பெயர்களில். இரண்டும் சேர்ந்து ஒன்றாகும் என்று நினைத்திருந்தேன். இரட்டிப்பாக வந்துவிட்டது என்று ஒன்றை அழிக்கக் கையும் வைத்துவிட்டேன். ஏதோ மனம் கேட்கவில்லை, எண்ணிப் பார்த்தேன். ஒரு பொங்கலில் 212 படம், மற்றதில் 340. அம்மம்மா முற்றத்தில் கோலம் போடுகிற படம் அந்த 212இல் மட்டும்தான் இருந்தது.

காரணம் நம்முடைய எழுத்தில் இருக்கிறது. கொம்பும் காலும் சேர்ந்து வருகிற ‘பொ’வை, கணினிகள் எழுத்துகளுக்குப் பயன்படுத்தும் பொதுக் குறியீடான யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ‘ப’வும் ‘ொ’ என்ற ஒரே குறியும், அல்லது ‘ப’, ‘ெ’, ‘ா’ என்று மூன்றாகப் பிரித்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். பழைய மாக்குகள் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையான எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்புப் பெயரைப் பிரித்துத்தான் வைக்கும். விண்டோஸில் தட்டச்சு செய்தது சேர்ந்தே வந்திருந்தது. லினக்ஸ் பைட்டைத்தான் பார்க்கும், அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். ஒ, ஓ, ஔ ஒலி சேர்ந்த உயிர்மெய் எல்லாவற்றுக்கும் இது வரும். ‘நல்லூர் தேர்’ தப்பியது அதில் அப்படி ஓர் எழுத்து இல்லாததால்.

மாக்கில் இருந்து வந்ததைத் தனி ஃபோல்டரில் போட்டு, கான்வ்எம்வி என்ற சிறு நிரலால் பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றி, அதற்குப் பிறகே பழையதோடு கலந்தேன். தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எண்ணிப் பார்க்காமல் ஒன்றையும் அழிக்காதீர்கள்.

சாவகச்சேரியில் இருந்து:

அண்ணை, எனக்கு இரண்டும் விண்டோஸ்தான், அதிலும் ஒரு பின்னேரம் போய்விட்டது. தங்கச்சியின் கலியாண வீடியோ 6 ஜிபி, ஒரே கோப்பு. பென் டிரைவில் இடம் இருந்தும் ஏறவில்லை. பென் டிரைவ் இருந்த ஃபாட்32 என்ற வடிவத்தில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு நிற்காது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். சரி, நெற்வேர்க்கில் அனுப்புவோம் என்றால் ஒரு கணினி மற்றதைக் காணவே இல்லை. ஃபயர்வோலை நிறுத்து என்று ஒருவர் சொன்னார், நானும் நிறுத்தினேன், அது தேவையே இல்லாத வேலை. புது லப்டொப் வீட்டு வைஃபையைப் ‘பப்ளிக்’ என்று எடுத்திருந்தது, ‘பிரைவேட்’ என்று மாற்றியதும் இரண்டும் தெரிந்தன. பிறகும் உள்ளே விடவில்லை. அப்பாவின் கணக்குக்குக் கடவுச்சொல் இல்லை, வெற்றுக் கடவுச்சொல்லோடு நெற்வேர்க் வழியாக வர விண்டோஸ் விடாது. ஒன்று போட்டேன், திறந்தது. அப்பா அதை ஒரு துண்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார்.

ஒன்று கேட்கவேண்டும். மருமகனிடம் புது மாக் இருக்கிறது, அதிலும் பெயர் இப்படிப் பிரியுமா?

கொக்குவிலில் இருந்து:

தம்பி, புது மாக்குகளில் எச்.எஃப்.எஸ். பிளஸுக்குப் பதிலாக இருப்பது ஏ.பி.எஃப்.எஸ். அது பெயரைக் கொடுத்தபடியே வைக்கும். ஆனால் பழைய மாக்கில் இருந்து அதற்குப் போன ஃபோல்டர்கள் பிரிந்த பெயரோடுதான் இருக்கும். எடுக்கும்போதே பெயரை மாற்றும் வசதி ஆர்சிங்க் 3.0இல் இருந்து உண்டு, இரண்டு பக்கமும் அந்தப் பதிப்பு இருக்கவேண்டும். பெரியப்பாவின் மாக்கில் இருந்தது 2.6.9, அதனால்தான் நான் சுற்றிப் போனேன். மருமகன் எடுக்கும் நாளில் சொல்லுங்கள், வயரையும் கொண்டு வருகிறேன்.