நூட்ரோபிக்: மதியூக்கியா, வேறு சொல்லா?

> நூட்ரோபிக் (நினைவையும் சிந்தனைத் திறனையும் மேம்படுத்தும் எனப்படும் பொருள்) = மதியூக்கி. இவ்வகைப் பொருள்களின் ஒப்பீட்டு அட்டவணையின் தலைப்பில் இதையே போடலாமா?

ஐயா, "ஊக்கி" மட்டும் வேண்டாம். 1972இல் ருமேனிய ஆய்வாளர் கொர்னேலியு ஜூர்ஜா இந்தச் சொல்லைப் படைத்தபோது விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, அந்தப் பொருள் கிளர்ச்சியும் தரக்கூடாது, உறக்கமும் தரக்கூடாது என்பது. அவர் முன்னே இருந்த மாதிரி பிராசெட்டம் என்ற மருந்து. அது காபா என்ற, மூளையின் செயல்பாட்டைத் தணிக்கும் வேதிப்பொருளிலிருந்து வந்த வளைய மூலக்கூறு. ஆனாலும் காபா போல வேலை செய்வதில்லை. உறக்கத்தை விரட்டும் மருந்தான மோடாஃபினிலை விழிப்பூக்கி என்று தாராளமாகச் சொல்லலாம், பிராசெட்டத்தைச் சொல்ல முடியாது.

"மூளையூட்டி"யும் சரிவராது. நூட்ரோபிக்கின் பின்பாதி கிரேக்கத்தில் "திருப்புதல்". "ஊட்டுதல்" என்ற பொருள், நரம்பணுக்களை வளர்த்துப் பேணுவதைக் குறிக்கும் நியூரோட்ரோஃபிக்கில்தான் உண்டு. ஒலி ஒற்றுமையால் வருகிற குழப்பம் இது. "ஊட்டி"யை அதற்கே விட்டுவைப்போம்.

> அப்படியானால் "அறிதிறன்மாற்றி"? மின்மாற்றி ஏற்றும், இறக்கும். வாக்குறுதி ஏதும் இல்லை.

திருப்புதலுக்கு நெருக்கம்தான். ஆனால் வலை அகலமாகிவிட்டது. எலிக்கு ஸ்கோபோலமைன் கொடுத்து நினைவைக் குலைத்து, பிறகு புதுச் சேர்மத்தால் அது மீள்கிறதா என்று பார்ப்பது வழக்கமான சோதனை. குலைப்பதும் மீட்பதும் ஒரே பெயரிலா?

என் பரிந்துரை: அறிதிறன் துணை. வழித்துணை, பேச்சுத்துணை போல. துணை கூட வரும். கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று பொருளில்லை. சேர்த்தெழுதினால் இலக்கணப்படி "அறிதிறற்றுணை" ஆகிவிடும், யாருக்கும் வாயில் நுழையாது. இடைவெளி விடுங்கள்.

> சரி, ஏற்கலாம். டோனெபெசிலும் அதே தலைப்பிலா?

இல்லை. அது ஆல்சைமர் நோய்க்கு ஒப்புதல் பெற்ற மருந்து. அதன் செயல்முறையையே பெயராக்கி "அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் தடுப்பி" (அசெட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பது) என்று தனி வரிசையில் வையுங்கள். அதே நோய்க்கான இன்னொரு மருந்தான மெமன்டைன் "என்எம்டிஏ ஏற்பி எதிர்ப்பி" (நரம்பணுவில் செய்தியை வாங்கும் ஓர் ஏற்பியை மறிப்பது). இவற்றோடு பிராசெட்டத்தை ஒரே வரிசையில் வைத்தால் மூன்றுக்கும் ஒரே அளவு சான்று இருப்பதாகப் படிப்பவர் நினைப்பார்.

பயன்படுத்திய காலத்துக்கும் ஒரு நிரல் வேண்டும். நீர்ப்பிரமிச் சாற்றை நாளுக்கு 300 மி.கி. வீதம் 12 வாரம் கொடுத்த ஆய்வுகளை ஒரே வேளை கொடுத்துப் பார்த்தவற்றோடு ஒப்பிடக் கூடாது. அந்த வரியில் பகோபா மொன்னியேரி என்ற தாவரவியல் பெயரும் கட்டாயம் இருக்கட்டும். வெறும் "பிரம்மி" என்று எழுதினால் பாதிப்பேர் வல்லாரையைத் தேடிப் போவார்கள்.