பஸிலில் பார்த்தது போர்டில் வந்தபோது

மதுரை, ஞாயிறு வகுப்பு எடுக்கும் ஆசிரியர்:

செஸ் பஸில் போடும்போது நமக்கு ஒரு பெரிய சலுகை இருக்கு. "இதுல ஜெயிக்கிற மூவ் ஒண்ணு இருக்கு, கண்டுபிடி"ன்னு முன்னாடியே சொல்லிடறாங்க. ஆட்டத்துல அப்படிச் சொல்ல ஆளே கிடையாது. க்ளாக் ஓடுது, பக்கத்து போர்டுல யாரோ எழுந்து போறாங்க, நாம வழக்கம்போல ஒரு சிப்பாயைத் தள்ளிட்டு உட்கார்ந்திருப்போம். அதனாலதான் கேட்கிறேன்: பஸில்ல பழகின விஷயம் நிஜ ஆட்டத்துல வந்து, அதைப் பிடிச்ச அனுபவம் உங்களுக்கு இருக்கா? அந்த நேரத்துல எது உங்களை நிறுத்தி யோசிக்க வச்சதுன்னு விவரமா எழுதுங்க.

முதல்ல என்கிட்ட படிக்கிற ஒரு பொண்ணோட ஆட்டம். ஏழாவது படிக்கிறா. பள்ளிகளுக்கான போட்டி. ஹாலுக்குள்ள எங்களை விடமாட்டாங்க. ரவுண்டு முடிஞ்சதும் ஓடிவந்து ஸ்கோர் ஷீட்டைக் கையில கொடுத்தா. வராண்டாவுல போர்டை விரிச்சு ஒவ்வொரு மூவா வச்சுப் பார்த்தோம்.

கறுப்பு ராஜா எச்8-ல (எழுத்து நெடுவரிசை, ஏ முதல் எச் வரை; எண் கிடைவரிசை, 1 முதல் 8 வரை). முன்னால ஜி7, எச்7 சிப்பாய்கள் இடத்தைவிட்டு அசையலை. கறுப்பு யானை டி8-ல. இவளோட ராணி சி4-ல, குதிரை ஜி5-ல. குதிரை எஃப்7-க்குப் போச்சு. செக், கூடவே டி8 யானைக்கும் அடி. ராஜா ஜி8-க்கு வந்தாச்சு. இந்த இடத்துல பெரும்பாலான பிள்ளைங்க யானையைத் தூக்கிடுவாங்க. தூக்கினாலும் ஜெயிக்கிற ஆட்டம்தான். இவ தூக்கலை. குதிரையை எச்6-க்கு வச்சா. ராணியும் குதிரையும் ஒரே நேரத்துல செக் கொடுக்குது. அதனால ஜி7 சிப்பாய் குதிரையை வெட்டவே முடியாது, ராஜா நகர்ந்தே ஆகணும். எஃப்8-க்குப் போனா ராணி எஃப்7-ல மேட், அதாவது தப்ப வழியே இல்லாத செக், ஆட்டம் முடிஞ்சது. மறுபடி எச்8 போனான் அந்தப் பையன். இப்ப ராணியைக் கொண்டுபோய் ஜி8-ல, ராஜாவை ஒட்டியே வச்சா. குதிரை காவல் இருக்கறதால ராஜா தொட முடியாது, யானைதான் வெட்டியாகணும். வெட்டின உடனே குதிரை திரும்ப எஃப்7. மேட்.

1497-ல் ஸ்பெயினில் லூசேனா வெளியிட்ட நூலிலேயே இருக்கிற மேட் இது. வகுப்புல எல்லாரும் தீர்த்ததுதான். ஆனா யானை சும்மா கிடைக்கும்போது அதை விட்டுட்டு மேலே பார்க்கணும்னா வேற ஏதோ ஒண்ணு கண்ணுல பட்டிருக்கணும். "எப்படிம்மா தோணுச்சு?"ன்னு கேட்டேன். "சார், அந்த ராஜாவுக்குப் போக இடமே இல்ல. அவனோட காயே அவனை அடைச்சுக்கிட்டு நிக்குது. அதான் யானைமேல கண்ணு போகலை" என்றாள்.

இந்தப் பதில் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. அவ தன்னோட மூவைத் தேடலை. எதிராளியால எது முடியாதுன்னு பார்த்திருக்கா.

சென்னை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். அந்தக் குழந்தைக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

எங்கள் காலத்தில் கணினியும் கிடையாது, கைப்பேசியும் கிடையாது. பத்திரிகையில் வரும் கட்டப் படத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்வோம். விடை அடுத்த இதழில்தான் வரும். சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் தால் செஸ் கிளப் இருந்தது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மேனுவல் ஆரோன் 1972-ல் தொடங்கியது. அங்கே பிளிட்ஸ் எனும் சில நிமிட அதிவேக ஆட்டத்தில் தோற்றவர் எழுந்து இடம் தர வேண்டும், ஜெயித்தவர் தொடர்ந்து ஆடலாம். சிறுவனாக ஆனந்த் வளர்ந்தது அந்தப் பழக்கத்தில்தான். மின்னல் வேகத்தில் ஆடுவதற்கு அந்த வரிசையும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படி நோட்டில் ஒட்டியவற்றில் என்னை ஆட்கொண்டது சாவேத்ரா நிலை. வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. அவ்வளவுதான் காய்கள். 1895-ல் கிளாஸ்கோ பத்திரிகை ஒன்றில் இது டிரா என்று அச்சாகியிருந்தது. சிப்பாய் சி7-க்குப் போகிறது. யானை டி6-ல் செக். ராஜா பி5, பி4, பி3 என்று ஒவ்வொரு கட்டமாக இறங்க, யானையும் செக் கொடுத்துக்கொண்டே கூட இறங்குகிறது. கடைசியில் ராஜா சி2-க்கு வந்து செக்கிலிருந்து தப்பிவிட்டது. இப்போது யானை டி4-க்குப் போகும். வெள்ளை தன் சிப்பாயைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் அதற்குப் பதிலாக ராணி எடுத்தால் யானை சி4-ல் தன்னைக் கொடுக்கும், ராணி வெட்டினால் ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலே நகர இடமில்லாத நிலை, டிரா. இதுவரைதான் அச்சில் வந்த விடை. அந்த ஊரில் இருந்த ஸ்பானியப் பாதிரியார் ஃபெர்னாண்டோ சாவேத்ரா, ராணிக்குப் பதிலாக யானை எடுக்கலாம் என்று காட்டினார். உடனே ஏ8-ல் மேட் மிரட்டல். தடுக்கக் கறுப்பு யானை ஏ4-க்கு ஓட வேண்டும். வெள்ளை ராஜா பி3. யானைக்கும் அடி, சி1-ல் மேட்டும் காத்திருக்கிறது. அந்த ஒரு நகர்வுக்காக அவர் பெயர் இன்றும் நிற்கிறது.

வங்கிகளுக்கு இடையிலான ஒரு போட்டியில் இதன் பலன் எனக்குக் கிடைத்தது. என் சிப்பாய் எஃப்7-ல். எதிராளியிடம் மிஞ்சியிருந்தது எஃப்6-ல் ஒரு சிப்பாயும் எச்6-ல் ராஜாவும்தான். அந்தச் சிப்பாயை என் ராஜா வெட்டியது. அவர் கொஞ்சமும் தயங்காமல் ராஜாவை எச்7-ல் வைத்துவிட்டு, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராணி எடுத்திருந்தால் அவர் ராஜாவுக்கு ஒரு கட்டமும் கிடையாது, செக்கும் கிடையாது, டிரா. நான் யானை கேட்டேன். ராணியைக் கையில் எடுத்துத் தயாராக நின்ற ஆர்பிட்டர் (நடுவர்) அதை வைத்துவிட்டு யானையைக் கொடுத்தார். ராஜா எச்6-க்குத்தான் போக முடியும், போனது. யானை எச்8-ல் மேட்.

நீங்கள் சொன்னதேதான் என்னையும் நிறுத்தியது. ராணியை நினைத்த கணத்தில், அவர் ராஜா எங்கே போகும் என்று எண்ணினேன். எங்கும் போகாது. உடனே சாவேத்ராதான் நினைவுக்கு வந்தார்.

சிங்கப்பூர், மென்பொருள் பணியாளர்:

ஐயா, நீங்க எழுதினதைப் படிச்சதும் 2024 டிசம்பர் 12 ஞாபகம் வந்துடுச்சு. உலக சாம்பியன்ஷிப் மேட்ச்ல நம்ம குகேஷ், சீனாவோட டிங் லிரென் கடைசி ஆட்டம், குகேஷ் கறுப்பு. ரெண்டு பேருக்கும் ஆறரைப் புள்ளி. மேட்ச் எங்க ஊர்லதான் நடந்துச்சு, செந்தோசாவுல. ஆனா வேலை நாள், ஆபீஸ்ல இருந்தபடியே நேரலையில பார்த்தேன்.

குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிராதான்னு வர்ணனையாளர்களே பேசிக்கிட்டிருந்தாங்க. 55-வது மூவுல டிங் யானையை எஃப்2-க்கு வச்சார். யானைக்கு யானை மாத்திக்கலாம்னு அர்த்தம். அந்த மாற்றத்துக்குப் பிறகு என்ன வரும்னு பாருங்க. வெள்ளை பிஷப் ஏ8-ல, போர்டோட மூலையில. குகேஷ் தன் பிஷப்பை டி5-ல வச்சா, ரெண்டும் ஒரே மூலைவிட்டத்துல எதிரெதிரே நிக்கும். வெள்ளை பிஷப்புக்கு மிச்சம் இருக்கிற கட்டம் பி7, சி6. ரெண்டுமே அடியில. ஒதுங்க வழியே இல்லை, மாத்தித்தான் ஆகணும். மாத்தினா வெறும் ராஜாவும் சிப்பாயும், அது கறுப்புக்கு ஜெயம். மூலையில இல்லாம அதே மூலைவிட்டத்துல வேற எங்கயாவது ஒதுங்க இடம் இருந்திருந்தா இந்தக் கதையே வேற.

முதல்ல தனக்கும் தெரியலை, வேற ஒரு மூவ் ஆடத்தான் போனேன், அப்புறம்தான் அந்த பிஷப் மாட்டிக்கிட்டதைப் பார்த்தேன்னு குகேஷே பிறகு சொன்னார். பார்த்த அந்த நொடியில அவர் முகம் மாறினதை உலகமே பார்த்துச்சு. 58-வது மூவுல டிங் தோல்வியை ஒத்துக்கிட்டுக் கை கொடுத்தார். 18 வயசு உலக சாம்பியன். எங்க ஆபீஸ்ல தமிழ் தெரியாதவங்ககூட எழுந்து கை தட்டினாங்க.

என் பையனுக்கு இந்த நிலையை பஸிலா வச்சுக் காட்டினேன். ஜெயிக்கிற மூவைக் கேட்கலை. "வெள்ளைல எந்தக் காய் பாவமா இருக்கு?"ன்னு மட்டும் கேட்டேன். ஏ8 பிஷப்பைத்தான் தொட்டான்.

கோவை, கல்லூரி மாணவர்:

சார், அங்கிள், எல்லாருக்கும் வணக்கம். நான் லிசெஸ்ங்கிற செஸ் வெப்சைட்ல தினமும் பஸில் போடறவன். அங்க வர்றது எல்லாமே நிஜமா யாரோ ஆடின ஆட்டத்துலேர்ந்து எடுத்தது, காசும் கிடையாது. ஆனா ஃபோர்க் (ஒரே காய் ரெண்டு காயை அடிக்கிறது) மட்டும், பின் (பின்னால இருக்கிற காய்க்காக முன்னால இருக்கிறது நகர முடியாம நிக்கிறது) மட்டும்னு தலைப்பு போட்டுத் தீர்க்கிறதை நான் நிறுத்திட்டேன். தலைப்பைப் படிச்சதுமே பாதி விடை கையில வந்துடுது. கலந்துகட்டி வர்றதைத்தான் போடறேன். வேகமா போடற ஸ்டார்ம் எனக்குப் பிடிக்கும், ஆனா அது தெரிஞ்ச வடிவத்தைச் சட்டுனு பார்க்கத்தான் பழக்கும்.

எனக்குப் பிடிச்ச டாக்டிக்ஸ் எதுன்னா செக்கே இல்லாத மூவ். 2013-ல விக் ஆன் ஸீ போட்டியில ஆரோனியனை ஆனந்த் கறுப்புல ஜெயிச்ச ஆட்டத்தை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. வெள்ளைக் குதிரை எச்7-ல புகுந்து நிக்குது, எஃப்8 யானைமேல அடி இருக்கு. ஆனந்த் அதைக் காப்பாத்தலை. பிஷப்பை சி5-க்கு வச்சார். அடுத்த மூவுல குதிரையை ஈ5-க்கு. ஒண்ணுகூட செக் இல்லை. ரெண்டு பிஷப்பும் வெள்ளை ராஜா பக்கம் திரும்பியாச்சு, 23 மூவுல ஆட்டம் முடிஞ்சது. 1907-ல லோட்ஸ் நகரத்துல ரூபின்ஸ்டீன் ஆடின ஆட்டத்தோட இதை எல்லாரும் ஒப்பிட்டாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து வச்சுப் பாருங்க, ரெண்டுலயும் அந்த ஜோடி பிஷப்தான் வேலை செய்யுது.

திருச்சி, ஒரு அம்மா:

சார், எம் பொண்ணுக்கு பஸில் ரேட்டிங் ஏறிக்கிட்டே போகுது. டோர்னமென்ட்ல மட்டும் அந்த மாதிரி மூவ் வரவே மாட்டேங்குது. தினமும் இன்னும் நிறைய போடச் சொல்லட்டுமா? எந்த அகாடமியிலயும் சேர்க்கலை, நான்தான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஆட்டம் அவ்வளவா தெரியாது.

மதுரை, ஆசிரியர்:

அம்மா, எண்ணிக்கையைக் கூட்டாதீங்க, குறைச்சாலும் பரவாயில்லை. ஒவ்வொண்ணையும் நிஜக் காய் வச்ச போர்டுல அடுக்கச் சொல்லுங்க. ஸ்க்ரீன்ல பார்க்கிறதுக்கும் காயை மேலேயிருந்து பார்க்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. அவ கை வைக்கிறதுக்கு முன்னாடி நீங்க மூணு கேள்வி கேளுங்க, ஆட்டம் தெரியாமலே கேட்கலாம். எதிராளி ராஜாவுக்கு எத்தனை கட்டம் இருக்கு? அவங்க காய்ல எதுக்குக் காவல் இல்லை? எது ஒரே நேரத்துல ரெண்டு வேலை பார்க்குது? இதுக்குப் பதில் வந்த பிறகுதான் செக், வெட்டு, மிரட்டல்னு மூவ் தேடணும். தன்னோட மூவுக்கு எதிராளி என்ன பதில் ஆடுவாங்கன்னும் வாய்விட்டுச் சொல்லணும்.

இன்னொண்ணு நான் வகுப்புல செய்யறேன். பஸிலுக்கு நடுநடுவே ஒண்ணுமே இல்லாத நிலையையும் கலந்து வைப்பேன். ஜெயிக்கிற மூவ் இருக்கா இல்லையான்னு சொல்ல மாட்டேன். "ஒண்ணும் இல்ல சார், யானையை நடுவுக்குக் கொண்டுவரலாம்" என்பதும் அங்க சரியான விடைதான். ஆரம்பத்துல பிள்ளைங்க ரொம்பத் தவிப்பாங்க, கண்ட இடத்துல காயைக் கொடுத்துப் பார்ப்பாங்க. கொஞ்ச நாள்ல அது அடங்கிடும். டோர்னமென்ட்ல வர்ற நிலை அந்த மாதிரிதான் இருக்கும், பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது, எப்பவாவது இருக்கும்.

உங்க பொண்ணுக்கு இன்னைக்கு ஒரு நிலை தர்றேன், மத்தவங்களும் போடுங்க. ரிச்சர்ட் ரேட்டிங்கிற செஸ் வீரர் 1921-ல அமைச்சது. வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை ஆடி டிரா செய்யணும். கறுப்புச் சிப்பாயைத் துரத்தினா எட்ட முடியாது, சொந்தச் சிப்பாய்க்குத் துணை போகவும் நேரம் பத்தாது. ராஜா ரெண்டையும் ஒரே வழியில செய்யலாமான்னு பார்க்கச் சொல்லுங்க. விடையை அடுத்த ஞாயிறு எழுதறேன், அதுவரைக்கும் யாரும் கம்ப்யூட்டர் செஸ் இன்ஜின்ல போட்டுப் பார்த்துச் சொல்லிடாதீங்க.