ஆட்டோ ஹாரன் இதயம் ஒழுகுகிறது, வால்வுக்கு வழி சொல்லுங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு மகளுக்காக இயங்கும் இதய மாதிரி ஒன்று செய்கிறோம். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக் கண்காட்சி.

இடது பக்கம் மட்டும்தான். ரத்தம் வந்து சேரும் மேலறையான ஆரிக்கிளுக்குத் தண்ணீர் பாட்டில், அதை வெளியே தள்ளும் கீழறையான வெண்ட்ரிக்கிளுக்கு ஆட்டோ ஹாரனின் ரப்பர் பந்து, உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனிக்கு அரை அங்குல டியூப், மூன்றையும் சேர்க்க ஒரு டி ஜாயிண்ட், ரத்தத்துக்கு பீட்ரூட் தண்ணீர். பந்தை அமுக்கினால் பாதி ஆரிக்கிளுக்கே திரும்புகிறது. கையை விட்டால் மகாதமனியில் ஏறியதும் இறங்கி வந்துவிடுகிறது. இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள ஈரிதழ் வால்வு, மகாதமனியின் வாயிலுள்ள அரைச்சந்திர வால்வு இரண்டுமே மூடவில்லை. "நம்ம ஆளுக்கு ஆபரேஷன்தாம்ப்பா" என்கிறாள் மகள்.

முதலில் பலூன் துண்டு ஒட்டினேன், பத்து அமுக்கில் பின்பக்கமாக மடங்கிவிட்டது. நிஜ ஈரிதழ் வால்வை அப்படிப் புரளவிடாமல் மெல்லிய நாண்கள் இழுத்துப் பிடிக்கின்றன. அதைப் பார்த்து நூல் கட்டினோம், பசை விட்டுவிட்டது. அப்புறம் கோலிக்குண்டு. நிமிர்த்தி வைத்தால் கச்சிதம், அட்டையில் படுக்க வைத்தால் உருண்டு விலகிவிடுகிறது. ஜங்ஷன் வரை போய் மீன்தொட்டி வால்வு வாங்கினேன். காற்றுக்குச் செய்தது, தண்ணீரைச் சன்னமாகத்தான் விடுகிறது.

படுக்கைவாக்கில், கை அமுக்கத்துக்கே திறந்து மூடும் ஒருவழி வால்வை எதை வைத்துச் செய்யலாம்?